கோணலான பழைய அடுப்பு மாடத்துக்கு எந்த விறகடுப்பு பொருந்தும்?

கேள்வியின் சுருக்கம் இதுதான். புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து சற்றுத் தூரத்தில் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட கூரை, உள்ள பழைய வீடு. பின்கட்டு அடுப்பங்கரையில் சுவருக்குள் அமைந்த அடுப்பு மாடம், மேலே செங்கல் புகைக்கூண்டு. மாடத்தின் அகலம் 40 அங்குலம், ஆழம் 22 அங்குலம். திட்டு 30 அங்குல உயரம். திட்டிலிருந்து கூண்டின் உதடு வரை 36 அங்குலம். இடது பின் மூலையில் 9×9 அங்குலப் புகைபோக்கி ஏறுகிறது. நடுவில் ஓர் உத்தரத்துக்காக ஒன்றரை அடி வலது பக்கம் ஒதுங்கி, மறுபடி நேராகி, மொட்டைமாடிக்கு மேலே முடிகிறது. அடுப்பு மட்டத்திலிருந்து மொத்தம் 14 அடி. தினச் சமையல் கேஸில்தான். விசேஷ நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பத்துப் பதினைந்து பேருக்கு விறகில் சமைக்க வேண்டும். இப்போது திட்டின் மேல் மண்ணடுப்பை வைத்துப் பற்ற வைத்தால் புகை முழுக்க வீட்டுக்குள்ளேயே வருகிறது. வார்ப்பிரும்பு அடுப்பு வாங்கலாமா, ஃபேன் வைத்த அடுப்பு வாங்கலாமா, இல்லை கொத்தனாரை வைத்துக் கட்டலாமா?

கட்டுங்கள். ஆனால் காரணம் தெரிந்து கட்டவேண்டும். இல்லாவிட்டால் கொத்தனார் தனக்குத் தெரிந்த மண்ணடுப்பையே சிமெண்டில் கட்டித் தந்துவிட்டுப் போவார்.

முதலில், இப்போது ஏன் புகைகிறது? திறந்த நெருப்புக்கு மேல் கூண்டு வைத்தால், புகைபோக்கியின் உள்பரப்பு மாடத்து வாயின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். உங்கள் மாடத்து வாய் 40×36, அதாவது 1440 சதுர அங்குலம். அதற்கு 144 சதுர அங்குலக் குழல் வேண்டும். இருப்பதோ 81, தேவையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். மீதிப் புகை உதட்டைத் தாண்டி முன்னால் வழிகிறது. அந்தக் காலத்தில் இது யாருக்கும் குறையாகப் படவில்லை. அடுப்பங்கரைச் சந்து பொந்து வழியாகவும் கொல்லைக் கதவு வழியாகவும் மீதி போய்விடும். நீங்கள் சந்துகளையெல்லாம் பூசி அடைத்திருப்பீர்கள். வாயைச் சுருக்கி 810 சதுர அங்குலமாக்கினாலும் புகை நிற்கும். ஆனால் 40 அங்குல அகலத்துக்கு 20 அங்குல உயரம்தான் மிஞ்சும், அதற்குள் குண்டானை வைத்துக் கிளற முடியாது. ஆகவே கூண்டுக்குக் கீழே திறந்து எரியும் எந்த அடுப்பும், எவ்வளவு நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும், உங்கள் மாடத்துக்கு ஆகாது. புகையை அடுப்புக்குள்ளேயே அடைத்து, தனிக் குழாய் வழியாக மேலே அனுப்பும் அடுப்புதான் வேண்டும்.

இரண்டாவது சங்கதி நம் ஊர் வெயில். புகைபோக்கியின் இழுப்பு என்பது உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம்தான். குழாயில் 150 டிகிரிப் புகை ஏறும்போது, வெளியே 0 டிகிரி உள்ள குளிர்நாட்டில் ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 4.5 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுப்பு கிடைக்கும். புதுச்சேரியின் 32 டிகிரியில் சுமார் 3.2தான். அதே அடுப்பு, அதே குழாய், ஆனால் இழுப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. உங்கள் 14 அடிக்கு 13 அல்லது 14 பாஸ்கல் தேறும். புகை வழியிலேயே ஆறி 100 டிகிரிக்கு இறங்கினால் 9 ஆகிவிடும். அதிலிருந்து இரண்டு வளைவும் தங்கள் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். வெளிநாட்டுப் புத்தகத்தில் 'இந்தக் குழாய் போதும்' என்று போட்டிருப்பதை இங்கே அப்படியே நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

வார்ப்பிரும்பு அடுப்பை விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கதவு வைத்து அழகாக இருக்கும், படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அது அறையைச் சூடாக்கச் செய்த பொருள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அதற்கு வேலை உண்டு. சித்திரை மாதத்தில் புதுச்சேரி அடுப்பங்கரைக்குள் இரும்புப் பாளத்தைக் காய வைத்து நிற்பதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது. தட்டையான மேல்தகட்டில் நம் அடி உருண்ட பாத்திரமும் சரியாக உட்காராது.

ஃபேன் வைத்த அடுப்பு நல்ல பொருள்தான். விரலளவு நறுக்கிய துண்டு விறகை நிரப்பிவிட்டால் புகை குறைவாக எரியும். கையடக்க விறகடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152, ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீத வெப்பத்திறனும் ஃபேன் உள்ளதற்கு 35 சதவீதமும் கேட்கிறது. ஆனால் வீட்டு அளவு ஃபேன் அடுப்பு நான்கைந்து பேர் சமையலுக்கானது. பதினைந்து பேர் சோற்றுக்கு நடுவில் விறகு தீர்ந்து, பாத்திரத்தை இறக்கி மறுபடி நிரப்ப வேண்டிவரும். புகைக்குழாய் இணைக்கவும் அதில் இடம் கிடையாது. கடலூர்ப் பக்கம் தோப்பு வீட்டில், நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் சமைப்பவர் கேட்டிருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். மாடத்துக்குள் வைக்க வேண்டாம்.

கட்டவேண்டியது ராக்கெட் அறை கொண்ட இரட்டை அடுப்பு. நம் வீட்டுக் கொடியடுப்பின் தத்துவம்தான். முன் அடுப்பில் எரிந்த அனல் பக்கத்துச் சிறு குழியான கொடிக்குப் போய், அங்கிருந்து குழாய்க்குப் போகும். நம் பழைய கொடியடுப்பில் நெருப்பு அறை அகன்று தாழ்ந்திருக்கும். சுவாலை முழுதாக எரிந்து முடியும் முன்பே குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் மோதி, எரியாத புகை கரியாகப் படியும். ராக்கெட் அறை குறுகி உயர்ந்தது. எல் வடிவில் கிடைவாயும் செங்குத்துக் குழலுமாக இருப்பதால் புகை பாத்திரத்தை எட்டும் முன் அந்தக் குழலுக்குள்ளேயே எரிந்துவிடும். இந்த வடிவம் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி 1980-களில் வகுத்தது. புகையில்லா அடுப்பு என்ற எண்ணம் நமக்கு அதற்கும் முந்தியது: வார்தாவின் 'மகன் சூல்ஹா' என்ற அடுப்பும் எஸ்.பி. ராஜுவின் ஹைதராபாத் அடுப்பும் 1940-களையும் 50-களையும் சேர்ந்தவை.

அளவுக்கு வருவோம். முதலில் பாத்திரத்தை முடிவு செய்யுங்கள். அடுப்பைக் கட்டிவிட்டுப் பாத்திரம் தேடினால் சந்து வழியாகப் புகை வரும். பதினைந்து பேருக்கு 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டான் ஒன்று, குழம்புக்கு 28 சென்டிமீட்டர் பாத்திரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாடம் சுமார் 100 சென்டிமீட்டர் அகலம். இரண்டு குழிக்கு 64 போக மீதி 36. நடுவில் 12, இரு ஓரமும் 12 என்று பிரித்தால் சரியாக வரும். பெரிய குழி வலது பக்கம், கொடி இடது பக்கம். புகைபோக்கி இடது பின் மூலையில் இருப்பதால் மாற்றி வைக்க வழியில்லை. ஆழம் 56 சென்டிமீட்டரில் பெரிய குழிக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து கிடைக்கும். கொடியை முன் விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டருக்கு இழுத்து வைத்தால் பின் மூலையில் 6 அங்குலக் குழாய்க்கு இடம் கிடைக்கும்.

நெருப்பு அறை உள்ளளவு 12×12 சென்டிமீட்டர், விறகு வாயின் தரையிலிருந்து அறையின் மேல் விளிம்பு வரை 30 சென்டிமீட்டர். பெரிதாக வைத்தால் நிறைய எரியும் என்று பலர் 20×20 கட்டச் சொல்வார்கள். வாய் பெரிதானால் தேவையில்லாத குளிர்காற்றும் உள்ளே நுழைந்து சுவாலையை ஆற்றும். விறகு வாய்க்குள் பாதி ஆழம் வரை ஒரு கம்பித் தட்டு வையுங்கள், தரையிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில். விறகு தட்டின் மேல், காற்று தட்டின் கீழ். இந்தச் சின்னத் தட்டை விட்டுவிட்டால் விறகும் சாம்பலும் காற்று வழியை அடைத்து, ராக்கெட் அடுப்பு சாதா மண்ணடுப்பாகிவிடும்.

அறையிலிருந்து வெளியேறும் அனலின் வழி எங்கேயும் 144 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. மேல் விளிம்புக்கும் குண்டான் அடிக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் இடைவெளி. அது வெளிப்புறம் போகப் போக ஒன்றரையாகக் குறையலாம். இதைவிட நெருக்கினால் விறகு வாய் வழியாகப் புகை திரும்பும், அகட்டினால் அனல் பாத்திரத்தைத் தொடாமலே ஓடும். விளிம்பைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் விட்டு, அங்கிருந்து கொடிக்குப் போகும் சுரங்கத்தை 18×8 சென்டிமீட்டராக வையுங்கள். கொடியின் அடியில் கையை விட்டுச் சாம்பல் வாருமளவு ஒரு ஓட்டை, அதற்கு இறுகப் பொருந்தும் செங்கல் மூடி. கொடியில் சோறு வேகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரசம், வெந்நீர், இறக்கிய குழம்பைச் சூடாக வைத்திருப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. பாத்திரம் வைக்காதபோது கொடிக் குழியைத் தட்டுப் போட்டு மூடியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கி அடுப்பை விட்டுவிட்டு அறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இப்போது உயரக் கணக்கு. இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் 30 அங்குல, அதாவது 76 சென்டிமீட்டர், திட்டின் மேலேயே கட்டினால், அறைக்கு அடியில் போடும் உமிச்சாம்பல் காப்பு மெத்தை 8, அறை 30, இடைவெளி 3 சேர்த்து குண்டான் அடி 117 சென்டிமீட்டரில் நிற்கும். 25 சென்டிமீட்டர் ஆழக் குண்டானின் வாய் மார்புக்கு மேல் வந்துவிடும். கொதிக்கும் சோற்றை அந்த உயரத்தில் வடிப்பது ஆபத்து. திட்டை இடித்து 15 அங்குலமாகக் குறையுங்கள். அப்போது பாத்திர அடி சுமார் 79 சென்டிமீட்டரில் வரும், நின்றபடி கிளறலாம், கூண்டு உதடும் தலையில் இடிக்காது.

கட்டும் பொருளைப் பற்றிக் கறாராக இருங்கள். நெருப்பு அறைக்கு 230×115×75 மில்லிமீட்டர் ஃபயர் பிரிக், அல்லது நன்றாக வெந்த சேம்பர் செங்கல். இன்னொரு வழியும் உண்டு: புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலை நடக்கும் வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே குயவர்களிடம் 14 சென்டிமீட்டர் உள்விட்டத்தில், 3 சென்டிமீட்டர் கனத்தில் உறை வனையச் சொல்லலாம். பரப்பு ஏறக்குறைய அதே அளவுதான், வட்டமாக இருப்பதால் மூலைகளில் விரிசல் விழாது. ஒட்டுவதற்கு ஃபயர் கிளே அல்லது களிமண். சிமெண்ட் கலவை நெருப்பு படும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். 400 டிகிரிக்கு மேல் அதிலுள்ள சுண்ணாம்பு உடைந்து, பிறகு காற்று ஈரத்தை இழுத்துப் பொடிப்பொடியாக உதிரும். கடப்பைக் கல்லும் அறையை ஒட்டி வேண்டாம், சூட்டில் ஏடு ஏடாகப் பிரியும். வெளிப்பூச்சுக்கு ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு ஆற்று மணல், நறுக்கிய வைக்கோல், கொஞ்சம் சாணம் சேர்த்து மூன்று நாள் புளிக்க விடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கடல் மணல் கலந்தால் உப்பு பூத்துப் பூச்சு உரிந்து வரும்.

அறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில், அறைக்கு அடியிலும், உமிச்சாம்பல் நிரப்புங்கள். அரிசி ஆலைகளில் கேட்டால் மூட்டையாகக் கிடைக்கும். சூடு தாங்கும், சூட்டைக் கடத்தாது. இதைவிட நல்ல காப்புப் பொருளைக் காசு கொடுத்தும் தேட வேண்டியதில்லை. கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மணலோ செங்கல் ஜல்லியோ போட்டு நிரப்பினால் முதல் அரைமணி நேர விறகு முழுக்க அதைச் சூடாக்கவே போகும்.

அடுத்தது குழாய். 4 அங்குலம் உங்கள் அறைக்குச் சின்னது. 5 அங்குலத்தின் பரப்பு சுமார் 127 சதுர சென்டிமீட்டர், தேவையைவிடக் குறைவு. 6 அங்குலம் 182. நேர்க் குழாயாக இருந்தால் 5-லேயே சமாளிக்கலாம். உங்களுக்கு வளைவு உண்டு, கரியும் படியும், இழுப்பும் பலவீனம், ஆகவே 6. அதிகமாக இழுத்தால் அடக்குவதற்கு அடியில் ஒரு நகரும் தகடு வையுங்கள். அதை முழுக்க மூட முடியாதபடி மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். இரவில் தணல் இருக்கும்போது யாராவது மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் தங்கும். அதற்கு வாசனை கிடையாது.

ஜி.ஐ. குழாய் வேண்டாம். துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும், அடுப்பை ஒட்டிய முதல் மீட்டரில் அந்தச் சூடு வரக்கூடும். மேலே மிஞ்சுவதை உப்புக்காற்று தின்றுவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் பழைய புகையில்லா அடுப்புகளில் போட்டதுதான். அறுக்கும்போது வரும் தூள் விஷம், சூட்டில் வெடிக்கவும் செய்யும். எவர்சில்வர் வாங்கும்போது 304 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 202-ஐக் காட்டி 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்பார், கடற்காற்றில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். முதல் மீட்டர் 18 கேஜ் கனத் தகடு, மேலே மெலிந்தது போதும்.

வளைவில் இரண்டு 45 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு), ஒருபோதும் 90 டிகிரி வேண்டாம். வளைந்த செங்கல் குழலுக்குள் நேர்க்குழாயையும் எல்போவையும் மேலிருந்து இறக்க முடியாது. வளைவுள்ள இடத்தில் சுவரை உள்பக்கம் இரண்டு செங்கல் அகலம் திறந்து, அங்கே பூட்டி, அதே திறப்பில் இரும்புக் கதவு வைத்துவிடுங்கள். கரி அதிகம் சேரும் இடமும் அதுதான், வருஷா வருஷம் தூர்வாரலாம். குழாயின் மூட்டுகளில் மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கவேண்டும், கரித்தண்ணீர் வெளியே வழியாமல் உள்ளேயே இறங்கும். குழாய்க்கும் பழைய செங்கலுக்கும் நடுவில் உள்ள ஒன்றரை அங்குல இடைவெளியை அடியிலும் உச்சியிலும் தகடு போட்டு அடையுங்கள். அடைபட்ட காற்று புகையை ஆறவிடாது. அடைத்துவிட்டால் கூண்டு வழியாக எதுவும் போகாது, ஆனால் தாளிப்பு நெடி போக ஜன்னல் போதும்.

குழாய் இறக்கும் முன் பழைய புகைபோக்கியைச் சோதித்தாக வேண்டும். உச்சியை ஈரச்சாக்கால் மூடி, அடியில் ஈர வைக்கோலைப் பற்றவைத்து, அரைமணி நேரம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மாடி அறைச் சுவரிலோ, பொதுச்சுவராக இருந்தால் பக்கத்து வீட்டிலோ புகை கசிந்தால் சுண்ணாம்புச் சாந்து போயிருக்கிறது. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். உத்தரத்தையும் பாருங்கள். பழைய வீடுகளில் அதன் நுனியைப் புகைபோக்கிச் சுவருக்குள்ளேயே செருகியிருப்பதுண்டு. மரம் வருஷக்கணக்கில் சூடு பட்டால் சாதாரணமாகப் பற்றும் வெப்பத்தைவிடக் குறைவிலேயே பற்றும். குழாயின் வெளிப்புறத்துக்கும் நுனிக்கும் நடுவில் முழுச் செங்கல் சுவர் இல்லையென்றால் நுனியை வெட்டி, பக்கத்தில் கருங்கல் தாங்கி வைக்கவேண்டும். இது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. செங்கலுக்குள் போகாமல் வெளியே தெரியும் ஒற்றைக் குழாய் மரத்துக்கு 18 அங்குலத்துக்குள் வரக்கூடாது.

உச்சி, கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியாவது மேலே இருக்கவேண்டும், 10 அடித் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்கவேண்டும். புதுச்சேரித் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கிழக்கே பக்கத்து வீட்டில் மாடி எழும்பியிருந்தால் பிற்பகல் கடற்காற்று அதன்மேல் ஏறி உங்கள் புகைபோக்கிக்குள் குப்புற விழும். காலையில் நன்றாக எரிந்த அடுப்பு பிற்பகலில் புகைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அடுப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உயர்த்துங்கள், முடியாவிட்டால் எச் வடிவத் தொப்பி போடுங்கள். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் தெருவில் தெரியும் மாற்றத்துக்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

விறகு சவுக்குதான். கடலூர் கடலோரம் நெடுக விளைகிறது. கட்டைவிரல் முதல் மணிக்கட்டு கனம் வரை உள்ள கழிகளாக, ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, கூரைக்கடியில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். இரண்டு கழியைத் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கவேண்டும், 'தொப்' என்றால் ஈரம். கணக்குப் போட்டால், 10 லிட்டர் தண்ணீர் கொதிக்க 25 சதவீதத் திறனில் காய்ந்த விறகு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். மூன்று கல் அடுப்பில் அதே வேலைக்கு இரண்டு மடங்காவது வேண்டும். மிலாறும் தென்னம்பாளையும் பற்ற வைக்க நல்லது. கொட்டாங்குச்சி ஒரேயடியாகச் சுவாலை எழுப்பும், இரண்டு மூன்றுக்கு மேல் போடாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் முந்திரி ஓட்டை அடுப்பில் போடவே கூடாது. அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் புண்ணாக்கும், குழாய்க்குள் தாராகப் படியும். வீட்டை இடித்துக் கட்டும்போது மிஞ்சிய பெயிண்ட் அடித்த கதவு ஜன்னலும் வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும்.

கட்டி முடித்து பத்து நாள் நிழலில் உலரட்டும். பிறகு நான்கு நாள், தினம் அரைமணி நேரம் சுள்ளி நெருப்பு மட்டும். முதல் நாளே பிரியாணி வைத்தால் உள்ஈரம் ஆவியாகி உறையைப் பிளக்கும். ஒவ்வொரு முறையும் பற்ற வைக்கும் முன் கொடியின் சாம்பல் ஓட்டை வழியாக ஒரு தாள் காகிதத்தைக் கொளுத்தி குழாயைச் சூடாக்குங்கள், குளிர்ந்த காற்றுத் தூண் அப்போதுதான் மேலேறும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அந்த நேரம் நிறுத்திவையுங்கள், புகைபோக்கியின் 13 பாஸ்கலை அது சுலபமாக ஜெயித்து புகையைத் திரும்ப இழுக்கும். விறகு வாயில் மூன்று நான்கு கழிக்கு மேல் திணிக்காதீர்கள், நுனி எரிய எரியத் தள்ளிவிடுங்கள். முன்பு புகையாமல் இப்போது புகைகிறதென்றால் முதலில் கொடிச் சுரங்கத்துச் சாம்பல், அடுத்து வளைவுக் கதவு, அதற்கடுத்து உச்சித் தொப்பியின் வலை என்ற வரிசையில் பாருங்கள்.

தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் 6 அங்குல இடைவெளி விட்டு, மூன்று பக்கமும் எவர்சில்வர் கம்பியால் கைப்பிடிச் சுவரில் இழுத்துக் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழை குழாய் வழியாக இறங்கினால் மண்பூச்சு கரைந்து, உமிச்சாம்பல் ஊறிக் கூழாகிவிடும். ஐப்பசி பிறந்ததும் விறகு வேலை இல்லாத நாட்களில் குழாய் உச்சியில் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கட்டி, அதன் கயிற்றின் மறுமுனையை அடுப்பங்கரைக் கதவில் தொங்கவிடுங்கள். பற்ற வைக்கப் போகிறவர் கண்ணில் அது பட்டால்தான் மேலே மூடியிருப்பது ஞாபகம் வரும்.